வெட்டிவேர் சென்ட் போட்டா சாதுன்னு அர்த்தமா?

போன இதழ்ல ‘உங்க சென்ட் உங்களப் பத்தி என்ன சொல்லுது’ன்னு ஒரு கட்டம் போட்டிருந்தாங்க, பாத்திருப்பீங்க. பூ வாசனை புடிச்சா ரொமான்டிக், எலுமிச்சை வாசனைன்னா துறுதுறு, மரவாசனையும் மூலிகை வாசனையும் புடிச்சா நிதானமான ஆளு, ஆழமான ஆளு, கொஞ்சம் தனிமை விரும்பின்னு. அத எழுதினது நான் இல்லைங்க, ஆனா கேள்வி எல்லாம் என் தலையிலதான் வந்து விழுந்திருக்கு, அதுலயும் முக்காவாசி அந்த மரம் மூலிகை வாசனைய பத்தியேதான். சரி, இந்த வாட்டி முடி கொட்டுறது, மாமியார் பிரச்சனை எல்லாம் ஓரமா வெச்சிட்டு வாசனை மட்டும் பாப்போம்.

அக்கா, எனக்கு 31 வயசு, பெங்களூரு ஒயிட்ஃபீல்டுல ஐடி வேலை, போன வருஷம்தான் கல்யாணம் ஆச்சு. மால்ல ஒரு கடையில சேல்ஸ் பையன் என்ன பாத்ததுமே ‘சார், உங்க பர்சனாலிட்டிக்கு உட்டி ஹெர்பல் (மரமும் மூலிகையும் கலந்த வாசனை) தான் செட் ஆகும், மெச்சூர்டா இருக்கும்’னு சொல்லி ஒரு பாட்டில தலையில கட்டிட்டான். லாவெண்டர், சேஜ் மூலிகை, செடார் மரம், வெட்டிவேர்னு டப்பாவுல போட்டிருக்கு. எனக்கு ரொம்ப புடிச்சிருக்கு. ஆனா வைஃப் ‘எங்க தாத்தா பக்கத்துல உக்காந்திருக்க மாதிரி இருக்கு’ன்னு சிரிக்கிறா. நான் நெஜமாவே அந்த மெச்சூர்டு டைப்பா, இல்ல கிழவன் மாதிரி ஆயிட்டேனா?

தம்பி, உங்களுக்கு முன்னாடி வந்தவர்கிட்டயும் அந்தப் பையன் அதேதான் சொல்லியிருப்பான், அவனுக்கு டார்கெட் இருக்கு. ஆனா அவன் வாயில ‘மெச்சூர்டு’ங்கற வார்த்தை எங்கருந்து வந்துச்சுன்னு பாத்தா அது ஒரு பழைய கதை.

1882ல பாரிஸ்ல ஊபிகான்ங்கற கம்பெனிக்காக பால் பர்கேன்னு ஒருத்தர் ‘ஃபூஜேர் ரொயால்’னு ஒரு சென்ட் பண்ணாரு. மேல லாவெண்டர், அடியில ஓக் மரத்துல படர்ற பாசி, அதோட கூமரின். கூமரின்னா வைக்கோல் காயறப்ப வர்ற அந்த இனிப்பு கலந்த வாசனை இருக்கு பாருங்க, அதுக்குக் காரணமான பொருள், அத 1868லயே வில்லியம் பெர்கின் லேப்ல செஞ்சு காட்டிட்டாரு. இந்த மூணும் சேர்ந்த கூட்டணி அப்படியே ஷேவிங் சோப்பு, ஷேவிங் க்ரீம், ஆஃப்டர்ஷேவ், தலைக்குப் போடற க்ரீம்னு எல்லாத்துலயும் பூந்துருச்சு. அதனால ஒலகம் பூரா ரெண்டு மூணு தலைமுறைக்கு, காலையில ஷேவ் பண்ணி குளிச்சு சட்டை போட்டுக்கிட்டு ஆபீஸ் கெளம்புற அப்பாவோட வாசனை எதுன்னா இதுதான். அப்பான்னா பொறுப்பு, நிதானம், வயசு. ‘மெச்சூர்டு’ அங்கருந்து வந்தது. லாவெண்டர் செடிக்கு மெச்சூரிட்டி எல்லாம் ஒண்ணும் கெடையாது.

இப்ப உங்க வைஃப் விஷயம். நாம கண்ணால பாக்கறது, காதால கேக்கறது எல்லாம் மூளையில தாலமஸ்ங்கற எடத்துல ஒரு தடவ நின்னுட்டுதான் மேல போகும். வாசனை மட்டும் மூக்குலருந்து ஏறி, உணர்ச்சிக்கும் ஞாபகத்துக்குமான பகுதிங்களுக்கு நேரா போயிடும். அதனாலதான் ஒரு வாசனைக்கு இன்னதுன்னு பேர் சொல்றதுக்கு முன்னாடியே, அது யாரோட வாசனைன்னு ஆள் ஞாபகம் வந்துடுது. அவங்க தாத்தா ஷேவிங் லோஷன் போட்டிருக்கலாம், சந்தனம் வெச்சிருக்கலாம், வெட்டிவேர் விசிறி வெச்சிருக்கலாம். அவங்க சொன்னது அவங்க தாத்தாவ பத்தி, உங்கள பத்தி இல்ல. முக்கியமான கேள்வி ஒண்ணுதான், அந்தத் தாத்தாவ அவங்களுக்குப் புடிக்குமா? புடிக்கும்னா பேசாம போட்டுக்கிட்டு இருங்க. அவர் பெல்ட்ட கழட்டி அடிச்ச தாத்தான்னா பாட்டில ஆபீஸ் டிராயர்ல வெச்சிடுங்க.

அப்ப சென்ட்டுக்கும் ஆளுக்கும் சம்பந்தமே இல்லையான்னு கேப்பீங்க. இருக்கு, ஆனா ரூட்டு வேற. 2009ல இங்கிலாந்துல கிரேக் ராபர்ட்ஸ்னு ஒரு ஆராய்ச்சியாளரும் அவர் குழுவும் ஒரு சோதனை பண்ணாங்க. கொஞ்சம் ஆம்பளைங்களுக்கு வாசனை உள்ள ஸ்ப்ரே, மத்தவங்களுக்கு வாசனை இல்லாத ஸ்ப்ரே. அப்புறம் அவங்கள வீடியோ எடுத்து, சத்தம் இல்லாம, பொண்ணுங்ககிட்ட போட்டுக் காட்டுனாங்க. வீடியோவுல வாசனை வராதுல்ல? ஆனாலும் வாசனை ஸ்ப்ரே போட்டவங்களுக்குத்தான் மார்க் ஜாஸ்தி. போட்டோவ காட்டுனப்ப அந்த வித்தியாசம் இல்ல. அதாவது மூஞ்சி மாறல, நிக்கிற விதமும் நடந்துக்கற விதமும் மாறியிருக்கு, தன்னப் பத்தி தனக்கே ஒரு தைரியம் வந்திருக்கு. உங்களுக்கு அந்த பாட்டில் ‘ரொம்ப புடிச்சிருக்கு’ன்னு எழுதியிருக்கீங்க, எனக்கு உங்க லெட்டர்லயே உருப்படியான வரி அதுதான். சேல்ஸ் பையன் சொன்னது, எங்க கட்டம் சொன்னது, ரெண்டையும் குப்பையில போடுங்க.

வணக்கம் மேடம். டெல்லி கரோல் பாக்ல இருக்கோம். மாமனாருக்கு 70 முடியுது, அத்தர் குடுக்கலாம்னு நெனச்சு பழைய டெல்லி தரீபா கலான் கடைத்தெருவுக்குப் போனேன், ரூஹ் கஸ்னு ஒரு வெட்டிவேர் வாசனை ரொம்ப நல்லா இருந்துச்சு. உங்க புக்ல தனிமை விரும்பிங்களுக்குன்னு போட்டிருந்ததால ஒரே யோசனையா இருக்கு. ‘ஒதுங்கி இருங்க’ன்னு மருமக சொல்றதா எடுத்துப்பாரோ?

எடுத்துக்க மாட்டாரும்மா. எங்க கட்டத்த அவர் கண்ணுல காட்டாம இருந்தா போதும்.

நல்ல எடத்துக்குத்தான் போயிருக்கீங்க, தரீபா கலான்ல 1816லருந்து அத்தர் விக்கிற கடையே இருக்கு. ரூஹ் கஸ்ன்னா வெட்டிவேர் எண்ணெய், வேற எண்ணெயில கலக்காத சுத்த எண்ணெய். உத்தரப் பிரதேசத்துல கன்னோஜ் பக்கம் இன்னமும் பழைய முறையில செப்பு அண்டாவுல வேரையும் தண்ணியையும் போட்டு, மூடிய களிமண் பூசி அடைச்சு, அடியில வெறகு வெச்சு எரிச்சு, ஆவிய மூங்கில் கொழாய் வழியா தண்ணித் தொட்டியில முங்கி இருக்கிற இன்னொரு செப்புப் பாத்திரத்துல எறக்குவாங்க. அடுப்பு கொஞ்சம் ஜாஸ்தி எரிஞ்சா வாசனை கெட்டுடும், மீட்டர் கீட்டர் எதுவும் கெடையாது, பாத்திரத்த தொட்டுப் பாத்து, சத்தம் கேட்டு சொல்ற ஆளுங்கதான் எல்லாமே.

வெட்டிவேர் வாசனை டெல்லிக்காரனுக்கு மே மாசத்து கூலர். ஜன்னல்ல கஸ் தட்டி கட்டி தண்ணி தெளிச்சு, அதுக்குள்ள படுத்துக் கெடந்த மத்தியானம் அவனுக்கு ஞாபகம் வரும். நம்ம ஊர்க்காரங்களுக்கு அதே வேர் பானைத் தண்ணியில, இல்லாட்டி எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கிற அன்னிக்கு. பிரான்ஸ்ல 1950கள் கடைசியில அதே வேர வெச்சு கோட்டு சூட்டு போட்ட கனவான்களுக்கு சென்ட் பண்ணி, பாட்டில் மேல வெட்டிவேர்னே பேரு வெச்சாங்க. வேர் ஒண்ணுதான். இதுல தனிமை விரும்பி எங்கருந்து வந்தாருன்னு எனக்கு இப்ப வரைக்கும் வெளங்கல.

குடுக்கறப்ப ஒண்ணே ஒண்ணு சொல்லிக் குடுங்க, ஸ்ப்ரே மாதிரி அள்ளிப் பூசக்கூடாது. ஒரு சொட்டு மணிக்கட்டுல, இல்ல பஞ்சுல தொட்டு காது மடிப்புல. வெள்ளை வேட்டியில பட்டா கறை புடிச்சுடும், அப்புறம் மாமியார் உங்களத்தான் திட்டுவாங்க.

அக்கா நான் அல்சூர், பிகாம் செகண்ட் இயர். எனக்கு ஸ்வீட்டா இருக்கிற சென்டே புடிக்காது, வெனிலா எல்லாம் தலைவலி. உட் ஸ்மெல், இலை ஸ்மெல்தான் இஷ்டம். அம்மா ‘அது ஆம்பளைங்க சென்ட், பொண்ணு போட்டா ரஃப்பா இருக்கும்’ங்கறாங்க. நான் என்ன பண்றது?

அம்மாவ ஒரு நாள் விடியக்காலையில கேஆர் மார்க்கெட் பூக்கடைப் பக்கம் கூட்டிட்டுப் போ. மல்லி, கனகாம்பரம் குவிச்சு வெச்சிருக்கிற எடத்துல, ஓரமா ஈரச் சாக்கு மேல சாம்பல் பூசுன மாதிரி பச்சையில பொடிப்பொடி எலையா ஒரு கட்டு இருக்கும், கன்னடத்துல தவனம்பாங்க, நம்ம மரிக்கொழுந்து. அதுல ஒரே ஒரு எலைய கிள்ளி வெரலுக்கு நடுவுல நசுக்கி அம்மா மூக்குக்கிட்ட காட்டு. மொதல்ல கசப்பா ஒரு மருந்து வாடை, பின்னாடியே பழம் ஊறுன மாதிரி ஒரு இனிப்பு, கடைசியில காஞ்ச கட்டை மாதிரி ஒண்ணு வெரல்லயே தங்கிடும். மூலிகையும் மரமும் சேர்ந்த வாசனை வேற எப்படி இருக்கும்? அத மல்லிக்கு நடுநடுவுல வெச்சுக் கட்டி உங்க அம்மா, பாட்டி எல்லாருமே தலையில வெச்சவங்கதான், அப்ப யாரும் ரஃப்பா இருக்குன்னு சொல்லல.

இந்த மரிக்கொழுந்த பத்தி இன்னொரு சுவாரசியம் இருக்கு. இதுலருந்து எடுக்கிற எண்ணெய் பெரும்பாலும் நம்ம தென்னிந்தியாவுலருந்துதான் வெளிநாட்டு சென்ட் கம்பெனிங்களுக்குப் போகுது. அவங்க இதுக்குக் குடுக்கிற மரியாதையே, ஆளுக்கு ஆள் தோல்ல வேற வேற மாதிரி வாசனை வருதுங்கறதுக்காகத்தான். ஒருத்தர் மேல பழமா வரும், இன்னொருத்தர் மேல டீத்தூள் மாதிரி வரும். உன் சென்ட் லிஸ்ட்ல தவனம்னு இருந்தா கண்டிப்பா கையில போட்டுப் பாக்காம வாங்காத.

ஆம்பளை பொம்பளைங்கறது அட்டைப் பெட்டியில ஒட்டுற லேபிள்மா. 1992லயே ஜப்பான் கம்பெனி ஷிசேடோ, பொண்ணுங்களுக்குன்னே செடார் கட்டைய நடுவுல வெச்சு ஒரு சென்ட் கொண்டு வந்துச்சு, இன்னிக்கும் அத தேடி வாங்குறவங்க இருக்காங்க. அம்மா அதுக்கும் ஒத்துக்கலைன்னா பாட்டில்ல இருக்கிற லேபிள கிழிச்சிட்டு மேல ஒரு முல்லைப்பூ ஸ்டிக்கர் ஒட்டு. கண்டுபுடிக்க மாட்டாங்க, பந்தயம்.

ஃப்ரெண்ட் போட்டா சூப்பரா இருக்கிற அதே உட்டி சென்ட் நான் போட்டா பென்சில் டப்பா மாதிரி அடிக்குது. என் கேரக்டர் அவ்ளோ மொக்கையா?

பென்சில் டப்பான்னு சரியாத்தான் மோந்திருக்கீங்க. வர்ஜீனியா செடார்ங்கற கட்டையிலதான் ரொம்ப காலம் பென்சிலே செஞ்சாங்க, அதே கட்டையோட எண்ணெய்தான் சென்ட்லயும். கேரக்டருக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, உடம்பு வாடைக்கு சம்பந்தம் இருக்கு. 2012ல பிராக்ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு. ஆளுங்க தானா தேர்ந்தெடுத்த சென்ட்ட அவங்க அக்குள் வாடையோட சேர்த்தும், ஆராய்ச்சி பண்றவங்க குடுத்த வேற சென்ட்ட சேர்த்தும் மத்தவங்கள மோந்து பாக்கச் சொன்னாங்க (எந்தப் புண்ணியவான் ஒத்துக்கிட்டானோ). சென்ட்ட தனியா மோந்தப்ப ரெண்டுக்கும் பெருசா வித்தியாசம் இல்ல. ஆனா உடம்பு வாடையோட கலந்தப்ப, தானா எடுத்தது நல்லா இருக்குன்னு சொன்னாங்க. நமக்கே தெரியாம நம்ம வாடைக்கு ஒத்துப்போறதத்தான் மூக்கு தேர்ந்தெடுக்குது போல. அதனால ஃப்ரெண்டப் பாத்து காப்பியடிக்காதீங்க. அவங்க மூக்கு அவங்க உடம்புக்கு செலெக்ட் பண்ணது அது.

மல்லேஸ்வரம், ரிட்டையர்டு பேங்க் மேனேஜர், வயது 66. எனக்கு சிறு வயதிலிருந்து சந்தனம் தவிர வேறு வாசனை பிடிக்காது. சமீபத்தில் ஒரு கடையில் ‘ஹண்ட்ரட் பர்சென்ட் ப்யூர் மைசூர் சாண்டல்’ என்று பத்து மில்லி 200 ரூபாய்க்குக் கொடுத்தான். மகன் அதை முகர்ந்துவிட்டு ‘அப்பா, இது ரூம் ஃப்ரெஷ்னர்’ என்கிறான். எப்படித் தெரிந்துகொள்வது?

சார், பேங்க்ல இருந்தவர் நீங்க, கணக்கப் போட்டுப் பாத்திருக்கலாமே! சந்தன எண்ணெய் கிலோ லட்ச ரூபாய்க்கு மேல. பத்து மில்லின்னா ஏறக்குறைய பத்து கிராம், எண்ணெய் வெலையே ஆயிரத்தத் தாண்டிடுது, அவன் பாட்டிலு, கடை வாடகை எல்லாம் தனி. 200 ரூபாய்க்கு அவனால சந்தனத்த காட்டத்தான் முடியும், குடுக்க முடியாது. உங்க பையன் சொல்றது சரின்னுதான் தோணுது.

வெல ஏன் அப்படின்னா, சந்தன மரம் தன் வேர பக்கத்து செடியோட வேர்ல கோத்து, தன் சாப்பாட்டுல ஒரு பங்க அங்கருந்து உறிஞ்சித்தான் வளரும், நடுக்கட்டை வைரம் பாயறதுக்கு பதினஞ்சு இருபது வருஷம்னு காத்துக்கெடக்கணும். 1792ல திப்பு சுல்தான் அத அரச மரம்னு அறிவிச்சாரு, அதுலருந்து யார் தோட்டத்துல மொளச்சாலும் மரம் அரசாங்கத்துக்குத்தான்னு ரொம்ப காலம் இருந்துச்சு. வீட்டு வாசல்ல சந்தனம் மொளச்சா சந்தோஷப்படாம பயந்துபோய் புடுங்கிப் போட்ட காலம் அது. 2001லதான் கர்நாடகாவுல நெலத்துக்காரருக்கே மரம் சொந்தம்னு சட்டத்த மாத்துனாங்க. நடுவுல மொதல் உலகப்போர் வந்து கட்டை ஐரோப்பாவுக்குப் போறது நின்னுபோக, நால்வடி கிருஷ்ணராஜ உடையாரும் திவான் விஸ்வேஸ்வரய்யாவும் சேர்ந்து 1916ல மைசூர்ல எண்ணெய் ஃபேக்டரியே ஆரம்பிச்சுட்டாங்க, சோப்பு அதுக்குப் பின்னாடி வந்தது. யஷ்வந்த்பூர் பக்கம் மெட்ரோவுல ‘சாண்டல் சோப் ஃபேக்டரி’ன்னு ஸ்டேஷனே இருக்கே, உங்களுக்கு நான் சொல்லணுமா.

தெரிஞ்சுக்கற வழி கேட்டீங்க. நல்ல சந்தனம் தொறந்ததும் குப்புன்னு மூஞ்சியில அடிக்காது, ‘என்ன இவ்ளோ லேசா இருக்கு’ன்னு சந்தேகம் வர்ற மாதிரிதான் ஆரம்பிக்கும். ஒரு வெள்ளப் பேப்பர்ல சொட்டு வெச்சு பீரோவுல வெச்சிடுங்க, மறுநாள் எடுத்தா பால் மாதிரி மெத்துன்னு அப்படியே இருக்கணும். தொறந்ததும் தூக்கலா அடிச்சிட்டு சாயங்காலமே காணாமப் போனா அது வேற ஏதோ. இதுவும் நூத்துக்கு நூறு கேரன்ட்டி இல்ல சார், கலப்படக்காரன் நம்மள விட கெட்டிக்காரன். அரசாங்க கடையில பில்லு போட்டு வாங்கிடுங்க.

சந்தனம் புடிச்சவங்களுக்கு என்ன குணம்னு நீங்க கேக்கவே இல்ல. அதுக்கே உங்களுக்கு ஒரு கும்பிடு.

எலெக்ட்ரானிக் சிட்டியில என் டீம்ல ஒருத்தர் உட்டி, ஊது (அகில் கட்டை) மாதிரி ஏதோ ஒண்ணு ஃபுல் பாடிக்கு அடிச்சிட்டு வராரு. ஏசி ரூம், மத்தியானத்துக்குள்ள எனக்கு தல வெடிக்குது. நல்ல மனுஷன், சாஃப்ட். எப்படி சொல்றது?

பாத்தீங்களா, சாஃப்ட் ஆளு, சென்ட் மட்டும் ஹார்டு. எங்க கட்டத்துக்கு இதவிட பதில் வேணுமா?

இதுல அவர் தப்பு கம்மி. எந்த வாசனையா இருந்தாலும் கொஞ்ச நேரத்துல நம்ம மூக்கு பழகிடும், அவருக்கு அவர் சென்ட் வரவே வராது, ‘போயிடுச்சு போல’ன்னு மறுபடியும் அடிப்பாரு. அதோட, இந்தக் கால மரவாசனை சென்ட்ல கட்டைய விட லேப்ல செஞ்ச பொருள்தான் அதிகம். ஐசோ ஈ சூப்பர்னு ஒண்ணு, 1970கள்லருந்து புழக்கத்துல இருக்கு, செடார் மாதிரி மெலிசா இருக்கும், சிலருக்கு அது சுத்தமா மூக்குல ஏறாது. போட்டவருக்கு ஒண்ணும் தெரியாது, பக்கத்து சீட்டுக்காரி மாத்திரை தேடுவா.

என்னக் கேட்டா ஒரு ஆளோட குணம் சென்ட்ல தெரியறது இங்கதாங்க, எது போடறாங்கறதுல இல்ல, எவ்ளோ போடறாங்கறதுலயும், சொன்னா கொறச்சுக்கறாங்களாங்கறதுலயும். அதனால தனியா கூப்பிட்டு, ‘உங்க சென்ட் நல்லா இருக்கு, ஆனா எனக்கு தலைவலி வருது, ரெண்டே ஸ்ப்ரேயோட நிறுத்திக்க முடியுமா’ன்னு நேரா கேட்டுடுங்க. ‘நாத்தம்’ங்கற வார்த்தை வேண்டாம். க்ரூப்ல பொதுவா ஒரு மெசேஜ் போடறது, ஹெச்ஆர்கிட்ட போறது எல்லாம் அப்புறம். நல்ல மனுஷன்னா மறுநாளே கொறச்சுடுவாரு. கொறைக்கலைன்னா அந்த ‘நல்ல மனுஷன்’ சர்டிஃபிகேட்ட நீங்க வாபஸ் வாங்கிக்கலாம்.

அக்கா, கோரமங்களா பிஜியில இருக்கேன், 22 வயசு, அடுத்த மாசம் இன்டர்வியூ. கான்ஃபிடென்டா தெரியற மாதிரி ஒரு உட்டி சென்ட் சொல்லுங்க. பட்ஜெட் ஆயிரம்.

பிராண்டு பேர் சொல்ல மாட்டேன்டா கண்ணு, எடிட்டர் திட்டுவாரு. எப்படி வாங்கறதுன்னு சொல்றேன். கடையில பேப்பர் குச்சியில மோந்துட்டு பில்லு போடாத, அதுல மேல இருக்கிற லாவெண்டர், எலுமிச்சை மாதிரி வாசனைதான் தெரியும், அது அரைமணி நேரத்துல பறந்துடும். செடார், வெட்டிவேர், பச்சோலி எல்லாம் அடியில இருக்கு, அது மெதுவா மணிக்கணக்குல எறங்கும், உன் கூட இன்டர்வியூ ரூம்ல உக்காரப் போறது அதுதான். அதனால ஒரு கையில ஒண்ணு, இன்னொரு கையில ஒண்ணு, ரெண்டுக்கு மேல வேண்டாம். அடிச்சிட்டு கடைய விட்டு வெளிய வந்துடு, பஸ்ஸுல போ, தோசை சாப்பிடு, சாயங்காலம் எது இன்னும் நல்லா இருக்குன்னு பாரு, அதுக்கப்புறம் போய் வாங்கு. ‘சார் ஆஃபர் இன்னிக்கோட முடியுது’ம்பான், நம்பாத, அடுத்த வாரமும் அதே ஆஃபர்தான்.

இன்டர்வியூ அன்னிக்கு புதுசா போடாத, ஒரு வாரம் முன்னாடியே போட்டுப் பழகிடு. குளிச்சு தொடைச்சதும் கழுத்துல ஒண்ணு, நெஞ்சுல ஒண்ணு, அதுக்கு மேல சட்டை. மணிக்கட்டு ரெண்டையும் போட்டு தேய்க்கற வேலை வேண்டாம். அப்புறம் அந்த ஒரே ஒரு நல்ல சட்டை இருக்குல்ல, பிஜி மெஷின்ல போடாம கையால அலசி நெழல்ல காயப்போடு, ஈர வாடை இருந்தா எந்த சந்தனமும் காப்பாத்தாது.